சமீபத்துல என்ன படம் பாத்தீங்க, அது உங்க கண்ணுல எப்படி பட்டுச்சு?

ரீல்பெட்டி
சூப்பர், மொக்கைன்னு ஒத்த வார்த்தைல முடிக்காம, அந்த படம் உங்ககிட்ட எப்படி வந்து சேந்துச்சுன்னும் சேத்து எழுதுங்க மக்களே. நல்ல படத்துக்கு பஞ்சமே இல்ல, நம்ம கண்ணுல படறதுதான் பாடா இருக்கு. ஆப்ப தொறந்தா போஸ்டர் போஸ்டரா ஓடுது, தள்ளிக்கிட்டே போறோம், கடைசில ஏற்கனவே பாத்த காமெடி படத்தையே போட்டுட்டு பாதில தூங்கிடறோம்.

நானே ஆரம்பிக்கறேன். 'பெர்ஃபெக்ட் டேஸ்' (2023). டோக்கியோவுல பொதுக் கழிப்பறை கழுவற ஒரு பெரியவரோட தினசரி வாழ்க்கை, அவ்ளோதான் கதை. ஜெர்மன்காரர் விம் வெண்டர்ஸ் எடுத்தாரு, ஆனா ஆஸ்கருக்கு ஜப்பான் சார்பா போச்சு. கண்டுபிடிச்ச வழி என்னன்னா, கான் விழா லிஸ்ட்ல எல்லாரும் பெரிய விருது வாங்கின படத்ததான் தேடுவாங்க, நான் சிறந்த நடிகர், சிறந்த நடிகை யார் வாங்கினாங்கன்னு பாப்பேன். நடிப்புக்கு குடுத்த படத்துல பெரும்பாலும் ஒரு மனுஷன நின்னு நிதானமா பாக்க விடுவாங்க, எனக்கு அதுதான் புடிக்கும். இதுல கோஜி யாகுஷோ வாங்கினாரு. கடைசில வண்டி ஓட்டிக்கிட்டே அவரு மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கும் பாருங்க, அந்த ஒரு ஷாட்டுக்கே குடுக்கலாம்.

ஒரே ஒரு நெருடல், அந்த கழிப்பறைங்க எல்லாம் பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட்ங்க டிசைன் பண்ணது, பளபளன்னு இருக்கு. அந்த வேலையோட நாத்தம் படத்துல எங்கயுமே அடிக்கல.

கணக்குப்புள்ள
எனக்கு வழி ரொம்ப சிம்பிள் ப்ரோ. ஐஎம்டிபி சைட்ல ரசிகர்ங்க போடற மார்க் பத்துக்கு 7.5க்கு கீழ இருந்தா தொடறதே இல்ல. டைம் வேஸ்ட் பண்ண ஆள் நான் இல்ல. அதோட டாப் 250 லிஸ்ட்ட மேலருந்து கீழ வரிசையா பாத்துட்டு வரேன். போன வாரம் '12 ஆங்ரி மென்' (1957). பன்னெண்டு பேரு, ஒரே ரூம், 96 நிமிஷம், ஒரு சண்டை இல்ல ஒரு பாட்டு இல்ல, ஆனா போன கையில எடுக்க தோணல. பாத்தீங்களா, ரேட்டிங் பொய் சொல்லாது.

ராப்பறவை
படம் அருமைங்கறதுல சண்டையே இல்ல. ஆனா அது ஏன் போன எடுக்க விடலன்னு யோசிச்சீங்களா? டைரக்டர் சிட்னி லூமெட்டே விளக்கியிருக்காரு. முதல் மூணுல ஒரு பங்குல கேமரா கண் மட்டத்துக்கு மேல இருக்கும், நடுவுல கண் மட்டத்துக்கு வரும், கடைசி பங்குல அதுக்கும் கீழ போயிடும், அப்பதான் மேல சீலிங்கே தெரிய ஆரம்பிக்கும். கூடவே லென்ஸையும் கொஞ்சம் கொஞ்சமா நீளமானதா மாத்திக்கிட்டே வந்தாங்க, அதனால சுவரு நெருங்கி வர்ற மாதிரி ஒரு மூச்சுமுட்டல். நமக்கு என்னன்னு தெரியாது, ஆனா புழுக்கமா இருக்கும். இன்னொரு தடவ சவுண்ட ஆஃப் பண்ணிட்டு சும்மா ஓட்டி பாருங்க, அப்பட்டமா தெரியும்.

ரேட்டிங் விஷயத்துக்கு வரேன். டாப் 250ல வரணும்னா குறைஞ்சது 25,000 ஓட்டு விழுந்திருக்கணும். அப்ப சின்ன நாட்டு படம், சின்ன ரிலீஸ் படம் எல்லாம் எவ்ளோ நல்லா இருந்தாலும் கேட்டுக்கு வெளியவே நிக்கும். நீங்க பாக்கறது சிறந்த படங்களோட லிஸ்ட் இல்ல ப்ரோ, நிறைய பேரு பாத்து நிறைய பேருக்கு புடிச்ச படங்களோட லிஸ்ட்.

கணக்குப்புள்ள
சரி அது வேணாம், ராட்டன் டொமேட்டோஸ் பாக்கலாம்ல? அங்க விமர்சகர்ங்கதான ஓட்டு போடறாங்க. 95 சதவீதம்னா 100க்கு 95 மார்க்.

ராப்பறவை
அதுதான் இல்ல. அது மார்க்கே கிடையாது. எத்தன விமர்சகர்ங்க 'பரவால்ல, பாக்கலாம்'னு சொன்னாங்கங்கற சதவீதம் அது. பத்து பேரும் பத்துக்கு ஆறு போட்டு தேறும்னு எழுதினா 100 சதவீதம் வந்துடும். அதே அஞ்சு பேரு உசுர குடுத்து பத்துக்கு பத்து போட்டு, மீதி அஞ்சு பேரு கரிச்சு கொட்டினா 50தான், அழுகிப்போன தக்காளி சிம்பல் விழுந்துடும். எனக்கு ரெண்டாவது படம்தான் வேணும்! மெட்டாக்ரிட்டிக்ங்கற விமர்சன சைட்ல போடறது சராசரி மார்க், அது கொஞ்சம் தேவல. அதவிட ரசிகர்ங்க மார்க் போடற லெட்டர்பாக்ஸ்ட் சைட்ல ரேட்டிங்குக்கு பக்கத்துல குட்டி பார் வரிசை இருக்கும்ல, அந்த வடிவத்த பாருங்க. நடுவுல மட்டும் மேடா இருந்தா யாருக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாத படம். ரெண்டு பக்கமும் தூக்கிட்டு இருந்தா அங்க ஏதோ சமாச்சாரம் இருக்குன்னு அர்த்தம், நான் அதத்தான் போடுவேன்.

இடைவேளை_விடுங்கப்பா
ரெண்டு பக்கமும் தூக்கிட்டு இருக்கற படத்துல மாட்டினவன் நான், கேளுங்க. 'கொட்டுக்காளி' பாத்தேன். ஒரு குடும்பமே ஆட்டோல போகுது போகுது போய்க்கிட்டே இருக்கு, பேக்ரவுண்ட் மியூசிக் இல்ல, அந்த பொண்ணு வாய தொறக்கல, சரி கடைசில ஏதாவது நடக்கும்னு பாத்தா, டக்குன்னு முடிச்சுட்டாங்க. ரிமோட்ட எடுத்து பாக்கறேன், நானே ஏதாச்சும் அமுக்கிட்டேனான்னு.

நிலாக்கா_சப்டைட்டில்
ஹாஹா. தம்பி, அந்த முடிவுக்காகத்தான் மொத்த படமே. ஸ்பாய்லர் இல்லாம சொல்லணும்னா, அது வரைக்கும் அந்த பொண்ணுக்கு என்ன ஆகணும்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டே வராங்க, கடைசில அந்த முடிவ உங்ககிட்ட குடுத்துட்டு டைரக்டர் ஒதுங்கிக்கறாரு. மியூசிக் இல்லாததும் அதுக்குத்தான். மியூசிக் போட்டா இங்க பாவப்படு, இங்க பயப்படுன்னு அதுவே சொல்லிடும்ல. ஆனா பொறுமைய சோதிக்குதுங்கறத மறுக்க மாட்டேன், நடுவுல வண்டி நிக்கற ஒரு சீன் எனக்கும் இழுவைதான். இத எடுத்த வினோத்ராஜோட முதல் படம் 'கூழாங்கல்' இன்னும் கச்சிதம், ஒன்னேகால் மணி நேரம்தான், 2021ல ராட்டர்டாம் பட விழால டைகர் விருது வாங்கிச்சு. அத மொதல்ல பாத்துட்டு இதுக்கு வந்திருந்தா அந்த ஆளோட நடை பழகியிருக்கும்.

மறதிமன்னன்
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும், ஒரு படத்தோட பேரு தெரியணும், மண்டை காயுது. சின்ன வயசுல டிவில பாத்தது, ஒரு ஸ்கூல் பையன், மலையில வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை, அதுல ஓடிட்டே இருப்பான், ஏதோ ஒரு பொருள ஒருத்தன்கிட்ட சேக்கணும், யாருமே அவன் சொல்றத காது குடுத்து கேக்க மாட்டாங்க, கதவு செய்யற ஒரு தாத்தா வருவாரு. அரபி மாதிரி ஏதோ பாஷை. கூகிள்ல என்னென்னமோ போட்டு பாத்துட்டேன், கார்ட்டூன்தான் வருது.

இடைவேளை_விடுங்கப்பா
ஷூ தொலைஞ்சு போயி அண்ணனும் தங்கச்சியும் ஒரே ஷூவ மாத்தி மாத்தி போட்டுட்டு ஓடுவாங்களே, அதுவா? 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'?

மறதிமன்னன்
இல்லைங்க, அத பாத்திருக்கேன். தங்கச்சி கெடையாது. பொருளு ஷூ இல்ல.

நிலாக்கா_சப்டைட்டில்
நோட்டுப்புத்தகமா? பக்கத்து சீட்டு பையனோட நோட்ட தெரியாம எடுத்துட்டு வந்துடுவான், நாளைக்கு நோட்டுல எழுதாம வந்தா அந்த பையன ஸ்கூல விட்டே அனுப்பிடுவேன்னு வாத்தியார் மிரட்டியிருப்பாரு, அதனால பக்கத்து ஊருக்கு அவன் வீட்ட தேடிட்டு போவான். அப்படின்னா அது கியாரொஸ்டாமியோட 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்' (1987). ஈரான் படம், பாஷை பாரசீகம்.

மறதிமன்னன்
அக்கா!!! அதேதான்!!! நோட்டேதான்!!! எத்தன வருஷமா தேடிட்டு இருந்தேன் தெரியுமா.

நிலாக்கா_சப்டைட்டில்
தேடறப்ப ஒண்ணு கவனிங்க, சில இடத்துல 'ஹவுஸ்'னும் சில இடத்துல 'ஹோம்'னும் போட்டிருப்பாங்க, படம் பேர போட்டு கெடைக்கலன்னா இல்லன்னு நெனச்சிடாதீங்க, அப்பாஸ் கியாரொஸ்டாமின்னு டைரக்டர் பேர போட்டு அவரு பட வரிசைல பாருங்க. வேற்றுமொழி படம் எதுவா இருந்தாலும் இதுதான் சேஃப்.

அத பாத்து முடிச்சதும் நிறுத்திடாதீங்க. 1990ல அந்த பகுதியில பெரிய பூகம்பம் வந்துச்சு. அந்த படத்துல நடிச்ச பசங்க உசுரோட இருக்காங்களான்னு ஒரு டைரக்டர் கார எடுத்துட்டு தேடி போற மாதிரி 1992ல 'அண்ட் லைஃப் கோஸ் ஆன்'னு அடுத்த படம் எடுத்தாரு. அந்த ரெண்டாவது படத்துல வர்ற ஒரு சின்ன சீன எடுத்த கதைய வச்சு 1994ல 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்'. வரிசையா பாத்தா, எது கதை எது நெசம்னு நமக்கே கொழம்பி போயிடும், அவ்ளோ நல்லா இருக்கும்.

புதுவரவு
வணக்கம், எல்லாரும் எந்த ஆப்ல பாக்கறீங்க? ஒரு டெலிகிராம் சேனல் இருக்கு, இதெல்லாம் மொத்தமா கெடைக்குது, லிங்க் கீழ போடறேன்
[நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்
லிங்க தூக்கியாச்சு. திருட்டு பிரிண்ட் பத்தி இங்க பேச்சு வேணாம். புதுசா வந்திருக்கீங்க, அதனால எச்சரிக்கையோட விடறோம்.

புதுவரவு
சாரி, தெரியாம போட்டுட்டேன். அப்ப முறையா எங்க தேடறது? நெட்ஃபிளிக்ஸ்ல ஈரான் படம்லாம் கண்ணுலயே படலயே.

ரீல்பெட்டி
பரவால்ல தம்பி. மொதல்ல ஜஸ்ட்வாட்ச்னு ஒரு சைட் இருக்கு, அதுல உங்க நாட்ட செட் பண்ணிட்டு படம் பேர போட்டா, எந்த சேவைல ஓடுது, எதுல வாடகைக்கு கெடைக்குது, எதுல விலைக்கு வாங்கலாம் எல்லாம் காட்டும். நாட்ட செட் பண்றது முக்கியம், ஏன்னா உரிமைய நாடு நாடாத்தான் விப்பாங்க, அங்க இருக்கற படம் இங்க இருக்காது. உரிமைக்கு கெடுவும் உண்டு, இன்னைக்கு இருக்கற படம் அடுத்த மாசம் காணாம போகும். விருப்பப் பட்டியல்ல போட்டு வச்சா, வந்ததும் உங்களுக்கு தகவல் வர்ற மாதிரி வச்சுக்கலாம்.

காசே குடுக்காம முறையாவும் நிறைய இருக்கு. கொரியா அரசு ஃபிலிம் ஆர்க்கைவ் யூடியூப்ல 'கொரியன் கிளாசிக் ஃபிலிம்'னு ஒரு சேனல் வச்சிருக்காங்க, பழைய படங்கள ஆங்கில சப்டைட்டிலோட முழுசா போட்டிருக்காங்க. ரஷ்யாவோட மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோவும் அதே மாதிரி. காப்புரிமை இல்லாத படங்க இன்டர்நெட் ஆர்க்கைவ்ல இருக்கு. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) அங்கதான் பாத்தேன், கடைசி நேரத்துல படத்தோட பேர மாத்தினப்ப டைட்டில் கார்டுல காப்புரிமை வரிய போடாம விட்டுட்டாங்க, அந்தக் கால அமெரிக்க சட்டப்படி அதோட உரிமை போச்சு. ஜாம்பி படத்துக்கெல்லாம் தாத்தா, இன்னைக்கு யாரு வேணா போடலாம். சில நாட்டுல நூலக அட்டை இருந்தாலே கனோப்பின்னு ஒரு சேவைல இலவசமா பாக்கலாம், உங்க நூலகம் அதுல இருக்கான்னு விசாரிச்சு பாருங்க.

ராப்பறவை
கொரியன் சேனல்னு சொன்னதும் ஞாபகம் வருது, 'பாரசைட்' புடிச்சவங்க அத்தன பேரும் அதுல 'தி ஹவுஸ்மெய்ட்' (1960) பாக்கணும். கிம் கி-யங் எடுத்தது. ஒரு வீடு, மாடிப்படி, வெளியருந்து உள்ள வர்ற ஒரு வேலைக்காரி, அவ்ளோதான், கழுத்துல கத்தி வச்ச மாதிரி இருக்கும். அந்த படம் தன்ன எவ்ளோ பாதிச்சுதுன்னு 'பாரசைட்' எடுத்த பாங் ஜூன்-ஹோவே சொல்லியிருக்காரு. நான் கண்டுபிடிச்சதும் அப்படித்தான், ஒரு படம் புடிச்சா அத எடுத்தவரு எத பாத்து வளந்தாருன்னு பேட்டில தேடுவேன். ஒரு நல்ல பேட்டி ஆயிரம் 'உங்களுக்காக பரிந்துரை'க்கு சமம். நாம ஏற்கனவே பாத்தத வச்சுத்தான் ஆப் அடுத்தத தருது, அப்ப அது நம்மள நம்ம தெருவுக்குள்ளயே சுத்த விடும். டைரக்டர் பேட்டிதான் ஊர தாண்டி கூட்டிட்டு போகும்.

'தி ஹவுஸ்மெய்ட்'ல ஒரு சில பகுதி மட்டும் மங்கலா அடிவாங்கின மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. ஒரிஜினல் நெகட்டிவ்ல ரெண்டு ரீல் காணாம போயிருந்துச்சு, வேற ஒரு பிரிண்ட்ல இருந்து எடுத்து ஒட்டியிருக்காங்க, அந்த பிரிண்ட்ல கையால எழுதின சப்டைட்டில் வேற படத்து மேலயே இருந்துச்சு, அத கம்ப்யூட்டர்ல ஃப்ரேம் ஃப்ரேமா அழிச்சிருக்காங்க.

கேபின்_ஆபரேட்டர்
பிள்ளைங்களா, நான் ப்ரொஜெக்டர் ஓட்டி ரிட்டயர்டு ஆனவன். ரீல் காணாம போறது, எரிஞ்சு போறது எல்லாம் கேட்டா வயிறு எரியும் எனக்கு. சத்யஜித் ராயோட 'பதேர் பாஞ்சாலி' நெகட்டிவ் 1993ல லண்டன் லேப்ல தீப்புடிச்சு கருகிச்சே, அதையும் தூக்கி போடாம வச்சிருந்து, பல வருஷம் கழிச்சு இத்தாலியில போலோன்யாவுல காஞ்சு சுருங்கின ஃபிலிமுக்கு ஈரம் ஏத்தி கையாலயே ஒட்டி மீட்டாங்க. 2015ல அந்த புது பிரதி வந்துச்சு. பழைய டிவிடில பாத்தவங்க அந்த புது பிரதிய ஒரு தரம் பாருங்க, வேற படம் மாதிரி இருக்கும். ஒரே படத்துக்கு பல பிரதி ஓடுது, எந்த பிரதின்னு பாத்து போடணும், இத யாரும் கவனிக்கறதில்ல.

இன்னொண்ணு. மேல ஒரு தம்பி சொன்ன அந்த கழிப்பறை படம் என் பேரன் வீட்டு டிவில ஓடுச்சு, பாத்தா எல்லாருக்கும் நெத்தி இல்ல, மோவாய் இல்ல. என்னடான்னா, ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்துச்சு தாத்தா, அதான் ஜூம் வச்சேன்ங்கறான். அந்த படம் எடுத்ததே கிட்டத்தட்ட சதுரமா, அகலம் 1.33க்கு உயரம் 1. கறுப்பு பட்டை இருக்கத்தான் செய்யும். நாங்க கேபின்ல அகலமான ஸ்கோப் படத்துக்கு ஒரு லென்ஸு, பழைய படத்துக்கு ஒரு மாஸ்க்குன்னு மாத்தி மாத்தி போட்டது எதுக்கு?

நிலாக்கா_சப்டைட்டில்
அய்யா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க, டிவில மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு செட்டிங் ஆன்லயே வரும், கம்பெனிக்கு கம்பெனி பேரு மாறும். படம் எடுத்தது நொடிக்கு 24 ஃப்ரேம், டிவி நடுவுல தானா ஃப்ரேம் செஞ்சு சொருகும், எந்த படமும் சீரியல் மாதிரி ஆயிடும். அத அணைச்சிடுங்க. புது டிவில 'ஃபிலிம்மேக்கர் மோட்'னு இருந்தா அத ஒண்ண ஆன் பண்ணாலே போதும்.

அப்பறம் சப்டைட்டில். நான் பண்ற வேலைங்கறதால சொல்றேன், நீங்க வாங்கின டிஸ்க்குக்கு தனியா சப்டைட்டில் ஃபைல் போடறப்ப, ஆரம்பத்துலருந்தே ஒரே அளவு முன்ன பின்ன இருந்தா வெறும் தாமதம், விஎல்சி ப்ளேயர்ல ஜி, எச் ரெண்டு பட்டனையும் தட்டி சரி பண்ணிடலாம். ஆனா ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகினா அது ஃப்ரேம் கணக்கு தகராறு, நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு செஞ்சத 23.976ல ஓட்டறீங்க, ஒரு மணி நேரத்துல ரெண்டு நிமிஷத்துக்கு மேல தள்ளி போயிடும். பட்டன தட்டி பிரயோஜனமே இல்ல, வேற ஃபைல் தேடறதுதான் சுலபம்.

கணக்குப்புள்ள
நிலாக்கா, சப்டைட்டில் படிச்சிட்டே இருந்தா படத்த எங்க பாக்கறது? எனக்கு அதனாலதான் வேற்றுமொழி படமே ஒத்து வர்றதில்ல. டப்பிங்ல பாத்தா என்ன தப்பு?

நிலாக்கா_சப்டைட்டில்
தப்புன்னு யாரு சொன்னா, ஆனா பாதி நடிப்பு குரல்லதான இருக்கு தம்பி, அத வேற ஒருத்தர் தொண்டைக்கு மாத்திட்டு யாகுஷோ நல்லா நடிச்சாருன்னு சொன்னா எப்படி. படிக்கறது பழகிடும். அதுவரைக்கும் வசனமே இல்லாத படத்துலருந்து ஆரம்பிங்க, 'ஃப்ளோ' (2024) பாருங்க. லாத்வியா நாட்டு அனிமேஷன், ஒரு வெள்ளம், ஒரு பூனை, ஒரு படகு, ஒரு வார்த்தை கூட பேச மாட்டாங்க. மிருகங்கள மனுஷங்க மாதிரி ஜோக்கடிக்க விடாம மிருகமாவே விட்டிருக்காங்க. யாரு வேணா இலவசமா டவுன்லோட் பண்ணிக்கற பிளெண்டர்ங்கற சாஃப்ட்வேர்ல செஞ்சது, 2025ல பெரிய ஸ்டூடியோ படங்களயெல்லாம் தள்ளிட்டு ஆஸ்கர் வாங்கிச்சு. உங்க 7.5 கேட்டையும் தாண்டிடும், கவலப்படாதீங்க 😄

இடைவேளை_விடுங்கப்பா
பெரிய லிஸ்ட்டுங்கள நம்பி நான் பட்ட பாடு போதும் சாமி. சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒரு தரம் விமர்சகர்கிட்ட ஓட்டு வாங்குமே, 2022ல முதலிடம் 'ஜான் டீல்மன்' (1975)னு பாத்து உக்காந்தேன், மூணு மணி இருபது நிமிஷம், ஒரு அம்மா உருளைக்கிழங்கு உரிக்கறாங்க, படுக்கைய மடிக்கறாங்க, லைட்ட அணைக்கறாங்க. மொத நாள் பாதி, மறுநாள் பாதின்னு பாத்தேன்.

ராப்பறவை
ஆனா முடிச்சீங்கல்ல? நிறுத்தலையே?

இடைவேளை_விடுங்கப்பா
அதான் எனக்கே புரியல. ரெண்டாவது பாதில அந்தம்மா கைலருந்து ஏதோ ஒண்ணு கீழ விழுது, எனக்கு திக்குன்னு ஆகுது. ஒரு கரண்டி விழுந்ததுக்கு யாராவது பதறுவாங்களா? புடிச்சுதான்னு கேட்டா சத்தியமா தெரியல. மறுபடி பாப்பேனான்னா மாட்டேன்.

ரீல்பெட்டி
டைரக்டர் சாண்டால் அகர்மன் அத எடுக்கறப்ப வயசு 25. மூணு மணி நேரமா எல்லாம் அதது இடத்துல இருந்து பழக்கிட்டாங்க, அதனாலதான் கரண்டி விழுந்தா பதறுது. உங்களுக்கு 'கொட்டுக்காளி'ய இன்னொரு தரம் போட்டு பாக்க வேண்டியதுதான் பாக்கி.

இடைவேளை_விடுங்கப்பா
ஆள விடுங்க தல.

புதுவரவு
எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு கேக்கணும், டைரக்டர் பேர வச்சு தேடறது புரிஞ்சுது, நடிகர் பேர வச்சும் புரிஞ்சுது. வேற யாரு பேர வச்சு தேடலாம்?

கேபின்_ஆபரேட்டர்
கேமராமேன் பேர வச்சு தேடு தம்பி, அதான் என் வழி. 'தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' (1957)னு ஒரு ரஷ்யப் படம், கான்ல பெரிய விருது வாங்கினது, போருக்கு போன காதலனுக்காக ஒரு பொண்ணு காத்துட்டிருக்கற கதை. கதை சாதாரணம், ஆனா கூட்டத்துக்குள்ள அந்த பொண்ணு ஓடறப்ப கேமராவும் கூடவே இடிபட்டு ஓடும், அந்தக் காலத்து கனமான கேமராவ வச்சுக்கிட்டு. எடுத்தவரு உருசெவ்ஸ்கி. அவரு பேர போட்டு தேடினா 'ஐ ஆம் கியூபா' (1964) வரும், அதுல மாடிலருந்து கேமரா எறங்கி வந்து நீச்சல் குளத்துக்குள்ளயே போயிடும் ஒரே ஷாட்ல. முதல் படம் மோஸ்ஃபிலிம் தயாரிப்புதான், அவங்க சேனல்ல தேடு.

புதுவரவு
சரிங்கய்யா, இன்னைக்கு ராத்திரி அதத்தான் போடப் போறேன். டிவில ஜூம், ஸ்மூத்திங் ரெண்டும் அணைச்சாச்சு.

கணக்குப்புள்ள
அந்த கியூபா படத்துக்கு எவ்ளோ ரேட்டிங்?